வேப்பமரத்தடி அகல்

நேற்று அடையாறில் எங்கள் குடியிருப்பின் மதிலோரம் யாரோ அகல் ஏற்றி வைத்திருந்தார்கள். "இன்னிக்கு விளக்கு, நாளைக்குக் கோயில்" என்று முணுமுணுத்தார் சங்கச் செயலாளர். கருகிய திரியின் வாசனையில் எனக்கு அப்பா நினைவுக்கு வந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இந்தத் தெருவில் பாதி மனைகள் அப்பாவுடையவை. காலி மனை ஒன்றின் வேப்பமரத்தடியில் தினமும் விடியற்காலையில் விளக்கு எரிந்தது. யாரோ இடத்தை வளைக்கப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்பட்ட அப்பா, ஒரு நாள் என்னோடு சுவருக்குப் பின்னால் நின்று காத்திருந்தார். வந்தவர் குப்பத்து மீனவர் ஏழுமலை.

"உன்னை யார் அனுப்பினது?"

"யாரும் இல்ல ஐயா. எங்கம்மா கும்பிட்ட மரம். கடலுக்குப் போறதுக்கு முன்னாடி கும்பிட்டுக்கினு போறேன்."

அப்பா நம்பவில்லை. இடத்தில் ஏழுமலைக்கு உரிமை இல்லை என்று எழுதிய தாளை மறுநாள் அவரிடம் நீட்டினார். ஏழுமலை உடனே கைநாட்டு வைத்தார். அதுவும் அப்பாவுக்குச் சந்தேகமாக இருந்தது.

"என்னன்னு கேக்காமலே வெக்கிறியே, என்ன திட்டம்?"

ஏழுமலை மரத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "தாயே, ஐயாவுக்கு இன்னாவோ பயம் கீது. அத்தத் தீத்து வை." பிறகு அகலை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

அப்பா அவர் பின்னால் ஓடி, "என்னை மன்னிச்சிடுப்பா. இதை நீயே கிழிச்சிடு" என்று தாளை நீட்டினார்.

ஏழுமலை வாங்கவில்லை.

"வச்சிக்கங்க ஐயா. மறுபடி பயம் வந்தா எடுத்துப் பாருங்க."