டாக்டர் தைத்த பனியன்

போன வருடம் தை மாதம், திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நடந்தது இது. அரசு பொதுச் சுகாதாரத் துறையில் தலை நரைக்கும்வரை அதிகாரியாக இருந்துவிட்டு, இப்போது மருத்துவக் கல்லூரியில் காசநோய் ஆராய்ச்சி செய்கிறேன்.

காசநோய்ப் பரிசோதனை முகாமுக்காக, கையில் தூக்கிப் போகிற எக்ஸ்ரே கருவியோடு நானும் என் குழுவும் காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டோம். ஈ, காக்காய்கூட எட்டிப்பார்க்கவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். விறுவிறுவென்று தையல் பகுதிக்குள் நுழைந்தேன்.

மிஷினில் பனியனுக்குத் தோள் மூட்டித் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் விடாமல் இருமினார். அந்த இருமல் எனக்குச் சரியாகப் படவில்லை. ஐந்து நிமிடம் வந்துவிட்டுப் போங்கள் என்றேன்.

"நான் எந்திரிச்சா லைனே நிக்குமுங்க. நாளைக்கு வாறனுங்க."

அவர் தோள் மூட்டினால்தான் அடுத்தவர் கை வைத்துத் தைக்க முடியும், அதற்கடுத்தவர் அடி ஓரத்தை மடித்துத் தைக்க முடியும். சரக்கு அன்றே போயாக வேண்டும். எங்கள் கருவியோ மறுநாள் வேறு ஊரில் இருக்கும். அவரை அப்படியே விட்டுப்போக எனக்கு மனசு வரவில்லை.

"நீங்க எந்திரிங்க. நான் தெக்கறனுங்க."

என்னைப் படிக்கவைத்ததே அம்மா பனியன் தைத்த ஓவர்லாக் மிஷின்தான். லீவு நாட்களில் நானும் அதில் உட்கார்ந்தவள். அந்தத் தைரியத்தில் உட்கார்ந்தேன். லைனே சிரித்தது. அவர் திரும்பி வந்ததும் அடுத்தவர் எழுந்தார், நான் அந்த மிஷினுக்குப் போனேன். இப்படியே எல்லோரையும் எக்ஸ்ரேக்கு அனுப்பிவிட்டேன்.

சிறிது நேரத்தில் செக்கிங் பார்க்கிற அம்மா ஒரு பனியனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "டாக்டரம்மா, ஒரு தோளு ஏறிக் கெடக்குது, ஒரு தோளு எறங்கிக் கெடக்குது. இதை ஆருக்குங்க போடறது?"

மிஷின் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

இருமிய பெண்ணுக்குக் காசநோய்தான். நல்லவேளை, ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. மாத்திரைகளை ஒழுங்காக முடித்து, குணமாகி, இனிப்போடு கல்லூரிக்கே வந்தார். கூடவே அந்தக் கோணல் பனியன், இஸ்திரி போட்டு, அட்டை வைத்து, கவருக்குள்.

"இது உங்களுக்குத்தானுங்க சேரும்."

நான் அதைச் சேலைக்கு மேலேயே மாட்டிக்கொள்ள, இருவரும் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அதன்பிறகு எங்கள் முகாம் வண்டியில் எக்ஸ்ரே கருவியோடு, எழுந்து வருகிறவர்களின் இடத்தில் உட்கார்ந்து தைக்க இரண்டு டைலர்களும் வருகிறார்கள். முதலில் கேலி செய்த என் பழைய துறையும் இப்போது அதையே செய்கிறது. நான் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளெல்லாம் அலமாரியில் இருக்கின்றன. கூப்பிட்டும் ஒருவர் வரவில்லையென்றால் முதலில் அவர் இடத்தில் உட்கார்ந்து பார் என்று இன்றும் எனக்குச் சொல்வது அந்தக் கோணல் தோள் பனியன்தான்.