இப்திசாம் எண்ணிய ஓட்டுகள்

போர் ஓய்ந்த இரண்டாவது குளிர்காலத்தில் இராக்கின் பஸ்ராவுக்குத் தேர்தல் வந்தது. பெண்கள் பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த இப்திசாமை, அந்தப் பள்ளியிலேயே அமைத்த வாக்குச்சாவடிக்குத் தலைமை அலுவலராகப் போட்டார்கள். நாற்பத்தாறு வயதாகியும் அவள் தலையில் துணி போட்டதில்லை.

"உடம்பு சரியில்லேன்னு எழுதிக் குடுத்துடு," என்றான் கணவன் ஜப்பார். துறைமுகத்தில் குமாஸ்தா. "யார் தோத்தாலும் உன்னைத்தான் திட்டுவான். யார் ஜெயிச்சாலும் உன் தலைமுடியைத்தான் பாப்பான்."

"இத்தனை வருஷமா ஒரே ஆளுக்கு ஓட்டுப் போட்டோம் ஜப்பார். ஒரு தடவையாவது நெசமா எண்ணிப் பாக்க வேண்டாமா?"

ஈச்சமரச் சின்னத்தில் நின்றவர்கள் மதக் கட்சிக்காரர்கள். பாட்டு கேசட் கடைகளை மூடவைத்தது அவர்களுடைய ஆட்கள்தான் என்று ஊரே பேசியது. அதே ஆட்கள்தான் தண்ணீர் லாரி கொண்டுவந்து தெருத்தெருவாக ஊற்றினார்கள் என்பதையும் ஊர் மறக்கவில்லை.

தேர்தலன்று காலை ஒன்பது மணிக்கு, பக்கத்துத் தெருவிலிருந்து உம்மு ஃபலாஹ் வந்தாள். போரில் மகன் ஃபலாஹைப் பறிகொடுத்தவள். எழுதப் படிக்கத் தெரியாது.

"எனக்குக் கண்ணும் தெரியல, எழுத்தும் தெரியல டீச்சரம்மா. நீயே போட்டுடு. ஈச்சமரம்."

"வேற சின்னமெல்லாம் ஒரு தடவை சொல்லட்டுமா?"

"எதுக்கு? தண்ணி குடுத்தவன் அவன். அவனுக்குப் போடலேன்னா மறுமையில பதில் சொல்லணும்னு பள்ளிவாசல்ல வேற சொன்னாங்க."

மறைப்புக்குள் இருவர் மட்டும். பேனா இப்திசாமின் கையில். ஈச்சமரத்துக்கு இரண்டு கட்டம் கீழே, அவள் தான் போட நினைத்திருந்த சின்னம் இருந்தது. கிழவிக்குத் தெரியப்போவதில்லை. பேனா முனை ஒரு கணம் காகிதத்துக்கு மேலே நின்றது. பிறகு ஈச்சமரத்தில் குறி போட்டாள்.

ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தி எண்ணினார்கள். பதிவான ஐந்நூற்றுத் தொண்ணூறில் ஈச்சமரத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு. உதவிக்கு வந்திருந்த கணக்கு வாத்தியார் முனீர் அவள் காதருகே குனிந்தார்.

"அம்பது சீட்டுல இன்னொரு குறி விழுந்தா செல்லாத ஓட்டு. யாருக்கும் தெரியாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எனக்குத் தெரியுமே முனீர்."

தாளில் கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரதியை வாசல் கதவில் ஒட்டினார்கள், அவள் பெயரோடு.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளி வாசலில் இரண்டு இளைஞர்கள் துப்பாக்கியோடு வந்து நின்றார்கள். தலை மூடாதவர் யாரும் உள்ளே போகக்கூடாதாம், டீச்சர்கள் உட்பட. தலைமையாசிரியை தோளில் கிடந்த துணியைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். இப்திசாம் நேராக மாகாண சபை உறுப்பினர் அபூ சாதிக்கிடம் போனாள். முன்பு குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், ஈச்சமரத்தில் ஜெயித்தவர்.

"உங்க ஓட்டை எண்ணினவ நான். அந்தச் சீட்டுல தலைமுடியப் பத்தி ஒரு வரிகூட இல்லை."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தேநீரைக் கலக்கினார். "எங்களுக்குப் போட்டவங்க எங்களை நம்பித்தானே போட்டாங்க சகோதரி? எல்லாத்தையும் சீட்டுல எழுத முடியுமா?"

"பிடிக்கலேன்னா மாத்திக்கலாம்னு நம்பியும்தான் போட்டாங்க. அடுத்த தடவையும் பொட்டி வைப்பீங்கல்ல?"

அவர் கதவருகே காத்திருந்த அடுத்த ஆளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

மறுநாள் வாசலில் அவளைத் தடுத்தார்கள். பேத்தியை விட வந்திருந்த உம்மு ஃபலாஹின் காதில் அது விழுந்துவிட்டது.

"டேய், யாரு வீட்டுப் புள்ளைங்கடா நீங்க? நான் ஓட்டுப் போட்டது தண்ணிக்கு. டீச்சரை வெயில்ல நிறுத்தவா?"

"பெரியம்மா, இது மார்க்க விஷயம்."

"எனக்கு மார்க்கம் சொல்லித்தர்ற வயசாடா உனக்கு? என் கறுப்பு அபாயா அங்கிக்கு இருக்கிற வயசுகூட உனக்கில்ல!"

சுற்றி நின்ற தாய்மார்கள் சிரித்துவிட்டார்கள். பையன்களுக்கு முகம் சிவந்தது, வழிவிட்டார்கள்.

அன்று மதியம் வேறு இரண்டு பேர் வந்தார்கள். இவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் ஜப்பாரின் கார் கண்ணாடி உடைந்து கிடந்தது. இப்திசாம் கடைக்குப் போய்ச் சாம்பல் நிறத்தில் ஒரு முக்காடு வாங்கினாள். அதைப் போட்டுக்கொண்டு வகுப்பெடுத்த முதல் நாள், கரும்பலகைப் பக்கமே திரும்பி நின்றாள்.

டிசம்பரில் மறுபடி தேர்தல் என்று அறிவித்தார்கள். அபூ சாதிக் பதில் சொல்லாத கேள்விக்கு இந்த ஒரு தடவையாவது விடை கிடைத்தது. சாவடி வேலைக்கான கடிதமும் வந்தது. ஜப்பார் அதை இரண்டு முறை படித்தான்.

"இந்தத் தடவையும் அவங்களே வந்தா?"

"வரலாம்."

"அப்புறம் எதுக்குப் போறே?"

"நான் போகலேன்னா அந்த நாற்காலியில அவங்க ஆளு உக்காருவான். அப்புறம் அவங்க தோத்தாலும் நமக்குத் தெரியாது."

ஜப்பார் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வாசல் கதவைத் தாழிடப் போனான். வெளியே ஒரு வண்டி வேகம் குறைந்தது. அது தாண்டிப் போனபிறகுதான் அவன் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தான். பிறகு இப்திசாம் உட்கார்ந்து, சம்மதம் என்ற கட்டத்தில் கையெழுத்திட்டாள்.