வெள்ளைத் துணிகளை எண்ணியவள்

அவளை எல்லோரும் அண்ணாந்தக்கா என்றுதான் அழைத்தார்கள். தெருவில் நடக்கும்போது தரையைப் பார்க்கமாட்டாள், மொட்டைமாடிகளைப் பார்த்துக்கொண்டே போவாள். இரண்டு முறை பள்ளத்தில் காலை விட்டு விழுந்திருக்கிறாள். “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று பால்காரர் ஒருமுறை கேட்டார். “மாடியில இருக்கு. இறங்கி வரட்டும், உங்களையும் பாக்குறேன்” என்றாள்.

சுகாதார நிலையத்தில் அவள் களப்பணியாளர். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எங்கள் பன்னிரண்டு தெருக்களில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை என்பதுதான் அதன் கேள்வி. பெண்கள் வெவ்வேறு ஊர் ஆஸ்பத்திரிகளில் பெற்று, அங்கேயே பதிந்துவிட்டு, பிள்ளையோடு இங்கே வந்து சேர்வார்கள். அதனால் பதிவேடு உதவாது. கதவைத் தட்டினால் பாதிப் பேர் திறக்கமாட்டார்கள், திறப்பவர்கள் கூட்டியோ குறைத்தோ சொல்வார்கள். ஆகவே அவள் மாடிக் கொடிகளைப் பார்த்து எண்ணினாள். பழைய பருத்தித் துணியைச் சதுரமாகக் கிழித்து, வெளுத்து, வரிசையாகக் காயப்போட்டிருந்தால் அந்த வீட்டில் கைக்குழந்தை உண்டு. கடையில் வாங்கும் டயாப்பரெல்லாம் எங்கள் பக்கத்தில் பஸ் பயணத்துக்கு மட்டும்தான்.

ஒரே ஒரு விதி வைத்திருந்தாள். மாடி ஏறி, ஒரு துணியையாவது தொட்டுப் பார்த்த பிறகுதான் எழுதுவாள்.

நான் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவள். அதே தெருக்களில் வீடு வீடாகப் போய் அந்த வேலையைச் செய்தவள். காலை ஒன்பது மணிக்கு இருவரும் சேர்ந்து நடப்போம். அந்த நேரத்தில் மாடிகளெல்லாம் நீருக்குள் இருப்பதுபோல மெல்ல அசையும். வெயில் துணிகளுக்குள் புகுந்து மறுபக்கம் பாலாக வழியும். அவள் நின்றுவிடுவாள்.

“சும்மா ஒரு நிமிஷம் பாரு. துணி ஆடுறது மறைஞ்சு போயி, புள்ளைங்க ஆடுறதுதான் தெரியும்” என்பாள்.

எனக்குத் துணிதான் தெரிந்தது. ஆனால் நானும் நின்றேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு வீட்டுக்கு ஆறு பிள்ளைகள். அதில் ஒன்றிரண்டு தங்காது. அதனால் பெண்கள் கைவசம் ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்று பெற்றார்கள். கருத்தடை மாத்திரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பேசாத பேச்சில்லை, செவிடன் காதில் ஊதிய சங்குதான். பிறகு குழாய்த் தண்ணீர் வந்தது, தடுப்பூசி வந்தது, பிள்ளைகள் தங்கினார்கள். அதற்குப் பிறகு பெண்பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு ஏற்றிப்போக ஒரு பஸ் விட்டார்கள். அந்த பஸ்ஸில் ஏறிய பெண்கள் பதினாறு வயதில் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இருபத்தைந்தில் செய்துகொண்டார்கள். ஒன்றோ இரண்டோ பெற்று நிறுத்தினார்கள்.

“இருபது வருஷம் நான் கத்துனேன். பஸ் வந்து ஒரு ஹாரன் அடிச்சுது, எல்லாம் கேட்டுக்கிட்டாங்க” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கொடிகள் காலியாகின. ஒரு வருடம் நாற்பத்தொன்று என்று எழுதினாள். இவ்வளவு குறைந்தால் நாளைக்கு வேலைக்கு ஆள் ஏது என்று மேலிடம் பயந்தது. பிள்ளை பெற்றால் உதவித்தொகை, நீண்ட விடுப்பு என்று புதுத் திட்டம் வந்தது. அதே சமயத்தில்தான் அவளுடைய முழங்கால்கள் போயின. மாடி ஏறுவதை நிறுத்திவிட்டு, தெருவில் நின்றபடியே அண்ணாந்து எண்ண ஆரம்பித்தாள். மூன்றாவது வருடம் அவள் எழுதிய எண் தொண்ணூற்றைந்து.

திட்ட அலுவலர் பூரித்துப்போனார். அவர் எண்களை வண்ணக் கோடுகளாக வரைவதில் கெட்டிக்காரர். எங்கள் பன்னிரண்டு தெருக்களின் கோடு ஏணிபோல ஏறி, சுவரில் மாட்டியிருந்த உலக மக்கள்தொகைப் படத்தின் ஓரத்தையே தொட்டது. சுகாதார நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கூடம் பூட்டியே கிடந்தது. அதைக் குழந்தைகள் காப்பகமாக்கலாம் என்று முடிவானது. இருபது தொட்டில்கள் வந்து இறங்கின.

அந்தக் கூடத்துக்கு ஏற்கெனவே ஒருத்தி மனுப் போட்டிருந்தாள். டீச்சரம்மா. அந்தப் பள்ளி பஸ்ஸில் முதல் ஆளாக ஏறியவள். அவளை அனுப்பச் சொல்லி அப்பா அம்மாவிடம் மன்றாடியவள் நம் அண்ணாந்தக்காதான். ‘ஒண்ணே போதும்’ என்று அவள் அம்மாவை நிறுத்த வைத்ததும் அண்ணாந்தக்காதான். அந்தக் காலத்தில் அவள் பேச்சு எடுபட்ட ஓரிரு வீடுகளில் அது ஒன்று. இப்போது அப்பா அம்மா இருவரும் படுக்கையில், கணவனுக்கு வெளியூரில் வேலை, பார்க்க அவள் ஒருத்தி. பகலில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் கிடைக்காவிட்டால், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது வேலையை விட வேண்டியதுதான். நான் ஒரு வேளைக்குத்தான் போக முடியும். எனக்கு இருப்பது இரண்டு கைகள், பார்க்க வேண்டிய வீடுகள் ஒன்பது.

ஒரு காலையில் அக்கா டீச்சரம்மா வீட்டு மாடியைக் காட்டினாள். “பாத்தியா, டீச்சருக்குப் பொறந்திருக்கு போல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

நான் நின்றேன். அந்தத் துணிகளை முந்தின நாள் கிழித்தவளே நான்தான்.

“அக்கா, அது குழந்தைத் துணி இல்ல. அவங்க அம்மாவுக்கு விரிக்கிற துணி. பெரிசு. கீழ இருந்து பாத்தா சின்னதா தெரியுது.”

காற்று வந்தது. துணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கத்தில் புரள்வதுபோலப் புரண்டன. வெகுநேரம் அண்ணாந்தபடியே இருந்தாள்.

“எத்தனை வீட்ல இப்படி?”

“எனக்குத் தெரிஞ்சு ஒன்பது. தெரியாதது எத்தனையோ.”

“ஏண்டி, மூணு வருஷமா என்கூடத்தானே நடக்கிற. வாயைத் தெறந்து சொல்ல மாட்டியா?”

“நீங்க புள்ளைங்க தெரியுதுன்னு சொன்னீங்க. சரி, தெரியுது போலன்னு இருந்துட்டேன்.”

“நல்ல ஆளுடி நீ” என்றவள், அங்கேயே முதல் படியில் கால் வைத்தாள்.

நான்கு நாள் ஆயிற்று. முழங்காலுக்கு எண்ணெய் தடவி, துணிப்பட்டை கட்டிவிட்டேன். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது வலிக்கிற கால் முன்னால் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு மாடியிலும் ஒரு துணியைக் கையில் பிடித்து, நீளத்தை முழங்கையால் அளந்து பார்த்தாள். ஒரு முழம் என்றால் குழந்தை. இரண்டு முழம் என்றால் படுக்கை. ஒரு மாடியில் வரிசை வரிசையாக வெள்ளை, நடுவே நாங்கள் இருவர். எந்தப் பக்கம் படி என்று மறந்துவிட்டது. அவள் துணிகளுக்கு நடுவில் நின்று, “படுத்துக் கெடக்கிறவங்கள்ல பாதிப் பேரோட வீட்டுத் துணியை நான் முன்னாடியும் எண்ணியிருக்கேன். மகளுக்கு மகனுக்குன்னு காயப்போட்டாங்க, இப்ப அவங்களுக்கே காயுது” என்றாள். அழுவாளோ என்று பார்த்தேன். மூச்சுத்தான் வாங்கினாள்.

குழந்தைகள் முப்பத்தேழு. படுக்கைகள் ஐம்பத்தெட்டு.

திட்ட அலுவலர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அம்மா, அந்த நம்பர் மேல போயிடுச்சு. பாராட்டே வந்திருக்கு. நீங்க அடுத்த மாசம் ஓய்வுபெறப் போறீங்க. எதுக்கு இப்ப போய் இதைக் கிளறிக்கிட்டு?”

“மேல போனதை நான் கீழ இருந்து எழுதினேன் சார். தப்பு அங்கதான். இது மாடியில நின்னு எழுதினது.”

“முப்பத்தஞ்சு வருஷம் தப்பில்லாம எழுதினவங்கன்னு உங்களுக்குப் பாராட்டுப் பத்திரம் அடிச்சு வெச்சிருக்கோம்.”

“முப்பத்திரண்டுன்னு திருத்திக் குடுங்க. வாங்கிக்கிறேன்.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கோபப்படுவது எளிதல்ல. “படிவத்துல வயசானவங்களுக்குக் கட்டமே கிடையாதேம்மா” என்றார்.

அவள் படிவத்தைத் திருப்பினாள். வெற்றுப் பக்கத்தில், பன்னிரண்டு தெருக்களையும் ஒவ்வொன்றாக எழுதி, படுக்கைகளின் எண்ணிக்கையை எதிரே போட்டாள். கீழே டீச்சரம்மாவின் மனு எண்ணையும் எழுதிக் கையெழுத்திட்டாள். “வேணும்னா நீங்களும் ஏறிப் பாருங்க சார். உங்களுக்கு முழங்கால் நல்லாத்தானே இருக்கு” என்றாள்.

அவர் ஏறினார். ஒரே ஒரு மாடிதான். அது போதுமானதாக இருந்தது. சுவரில் இருந்த கோடு இறங்கியது, மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. அதற்காக அவர் எங்களோடு இரண்டு மாதம் பேசவில்லை. நியாயம்தான்.

பள்ளி திறப்பதற்கு நான்கு நாள் முன்பு, வயதானவர்களுக்காகவே கூடத்தின் பூட்டுத் திறந்தது. பதினான்கு கட்டில்கள் போட்டோம், நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். முதல் நாள் காலை ஏழரைக்கு டீச்சரம்மா அப்பாவையும் அம்மாவையும் கொண்டுவந்து விட்டாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, “அக்கா, அன்னைக்கு அம்மாகிட்ட ஒண்ணு போதும்னு சொன்னீங்களே” என்றாள்.

“சொன்னேன். அதுக்குத்தான் வந்து நிக்கிறேன். நீ போ, பஸ் போயிடும்” என்றாள் அண்ணாந்தக்கா.

தொட்டில்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள யாரும் வரவில்லை. துவைத்து மடித்த துணிகளை அவற்றில் அடுக்கி வைக்கிறோம். கூடத்து மின்விசிறி சுழலும்போது இருபதும் லேசாக ஆடும். ஓய்வுபெற்ற பிறகும் காலையில் வந்துவிடுகிறாள். துணி மடிக்கிறாள், ஒரு முழம் இரண்டு முழம் என்று பழக்கத்தில் அளக்கிறாள். சில சமயம் ஆடும் தொட்டில்களைப் பார்த்தபடி கையை நிறுத்திவிடுவாள்.

“என்ன தெரியுது?” என்று கேட்டேன் ஒருநாள்.

“துணிதான்” என்றாள், மடித்ததை உள்ளே வைத்துக்கொண்டே.