இலுப்பெண்ணெய் ஊற்றிய ட்ரான்ஸ்போமர்

அக்காவின் வயிற்றைக் கீறித்தான் பிள்ளையை எடுக்க வேண்டும். ஆனால் ஜெனரேட்டரிலிருந்து சத்திரசிகிச்சை அறைக்கு மின்சாரம் கொடுக்கும் ஆஸ்பத்திரி ட்ரான்ஸ்போமரில் எண்ணெய் ஒழுகிப்போயிருந்தது. யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் புதிது வராது. மெக்கானிக் கோயில் விளக்குக்கு வைத்திருந்த இலுப்பெண்ணெயைக் காய்ச்சி, ஈரம் போக்கி ஊற்றினார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்த எண்ணெயும் மின்சாரத்தைக் கசியவிடாது என்று அம்மாவுக்கு விளக்கினேன்.

ஜெனரேட்டர் ஓடியது. அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். ட்ரான்ஸ்போமர் சூடேற, நட்டநடு மத்தியானத்தில் விறாந்தை மூலஸ்தானம்போல மணந்தது. படுத்திருந்த நோயாளிகள் ஒவ்வொருவராக எழுந்து கைகூப்பினார்கள்.

“ஆரடி வந்து நிக்கிறது?” அம்மா கிசுகிசுத்தார்.

“ஒருத்தருமில்லை. எண்ணெய்தானம்மா மணக்குது.”

“படிச்சனியெல்லே, பிறகேன் நீயும் கைகூப்பி நிக்கிறாய்?”

உள்ளே பிள்ளை அழுதது. அப்போதும் ஒருவரும் கையை இறக்கவில்லை.