நகத்தில் ஒட்டிய நீலம்

நேற்று பேத்தி தன் கைக்குழந்தையின் ஸ்கேன் காகிதத்தை என்னிடம் நீட்டினாள். கறுப்பின் நடுவே சிவப்பும் நீலமும். "இதயத்துல சின்ன ஓட்டைதான் தாத்தா, தானா மூடிக்குமாம்" என்று சொல்லிவிட்டுப் பால் ஆற்றப் போய்விட்டாள். நான் அந்தக் காகிதத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பு, நீலம் என்றாலே எனக்குச் சாக்பீஸ்தான். ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் நான் சயன்ஸ் வாத்தியார். நல்ல ரத்தத்துக்குச் சிவப்பு, கெட்ட ரத்தத்துக்கு நீலம். மீன் இதயத்துக்கு இரண்டு அறை, தவளைக்கு மூன்று, கோழிக்கும் நமக்கும் நான்கு. ஓணானுக்குக் கீழறையின் நடுச்சுவர் பாதியில் நின்றுவிடும். "கொத்தனாரு சாப்பிடப் போயிட்டாரா சார்?" என்பான் ஒருவன். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன், பாவி.

என் அக்காவைச் சின்னாளபட்டியில் கட்டிக்கொடுத்திருந்தது. சுங்குடிச் சேலைக்குச் சாயம் முக்குகிற வீடு. அங்கே எல்லோருக்கும் விரல் நீலம். அதனால் அவள் பிள்ளை ராசுவின் நகம் நீலமாக இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "என் கைச்சாயம் ஒட்டிருச்சு தம்பி, அம்புட்டுத் தேச்சும் போக மாட்டேங்குது" என்று சீயக்காய் போட்டுத் தேய்ப்பாள். மூன்று மாதம்! நானும் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன், படித்த முட்டாள். ஒருநாள் பிள்ளை வீறிட்டு அழுது உதடும் நீலமானபோதுதான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். உதட்டில் எப்படி ஒட்டும் சாயம்?

திண்டுக்கல் ஆஸ்பத்திரி டாக்டர் பிள்ளையின் நெஞ்சில் நெடுநேரம் குழாயை வைத்துக் கேட்டார். "நடுச்சுவர்ல ஓட்டை இருக்கும்போல. நுரையீரலுக்குப் போற வழியும் குறுகல். இங்க ஒண்ணும் செய்ய ஏலாது" என்றார்.

அக்காவுக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் படம் போடுவதுதானே? தரையில் கரித்துண்டால் வரைந்து, "ஓணானுக்கு இப்படித்தான்க்கா, ரெண்டு ரத்தமும் கலந்துரும்" என்றேன்.

அவள் படத்தையே பார்த்தாள். "ஓணான் வேலியில அம்புட்டு வேகமா ஓடுதே தம்பி! எம் புள்ளைக்கு மட்டும் ஏன் ஆகாது?"

பதில் எனக்குத் தெரியும். ஓணான் வெயிலில் காய்ந்து சூடேற்றிக்கொள்ளும், அதற்குக் கலந்த ரத்தமே போதும். மனித உடம்புக்குப் போதாது. வகுப்பில் எத்தனை தடவை சொன்னது! அன்று தரையில் இருந்த படத்தைக் கையால் அழித்தேன்.

ஏழாம் மாதம் ராசு போய்விட்டான். கடைசியாகக் குளிப்பாட்டும்போதும் அக்கா அந்த நகங்களைத் தேய்த்தாள்.

"போயிருச்சா பாரு தம்பி."

"போயிருச்சுக்கா" என்றேன். போகவில்லை.

அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். சாயத்தொட்டி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பேத்தி பாலோடு வந்தபோது நான் குழந்தையின் பொத்திய கையைப் பிரித்து ஒவ்வொரு நகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தாத்தா பாக்குறீங்க?"

"சாயம் ஒட்டிருக்கான்னு பாக்குறேன்."

"என்ன சாயம்?" என்று சிரித்தாள்.