ஐரிஷ்காரர் சொல்லாதவை

நான் திருடன். பணமோ நகையோ அல்ல... என் மனைவியின் வாயிலிருந்த சொற்களைத் திருடி, என்றோ செத்துப்போன ஓர் ஐரிஷ் எழுத்தாளரின் பெயரில் விற்றவன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஒஸ்லோவில் தமிழர் கலியாணமோ பிறந்தநாளோ, ஒலிவாங்கி என் கையில்தான் இருக்கும். கிழமை நாட்களில் பேருந்து கழுவுபவன்; சனிக்கிழமைகளில் அறிவிப்பாளன். அந்த ஐரிஷ்காரரின் பொன்மொழித் தொகுப்பொன்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்தேன். கல்லூரி வாசல் மிதியாத எனக்கு அவர் ஒரு கோட்டு. போட்டுக்கொண்டால் படித்தவன்போல் தெரியும்! "ஐரிஷ் அண்ணை" என்றே சனம் என்னைக் கூப்பிட்டது.

ஒருநாள் ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் ஒரு கலியாண வரவேற்பு. மேடையேறியதும் அவருடைய வசனம் மறந்துபோயிற்று. அன்று காலை சப்பாத்து மாட்டும்போது என் மனைவி பவானி சொன்னது வாயில் வந்தது: "கலியாணம் குளிர்காலச் சப்பாத்து மாதிரி. போட்டால் கடிக்கும், கழட்டினால் விறைக்கும்." மண்டபம் குலுங்கியது. "என்று அந்த ஐரிஷ் மேதை சொன்னார்" என்று சேர்த்தேன். கைதட்டு இரட்டித்தது!

ஏன் சேர்த்தேன்? மனிசி சொன்னாள் என்றால் சிரித்துவிட்டு மறந்துவிடுவீர்கள். மேதை சொன்னார் என்றால் வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள். இல்லையா?

காரில் வரும்போது பவானி விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்த மனிசன் என்ரை குசினிக்கை எப்ப வந்தவர்?"

அந்தச் சிரிப்பை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் குசினியில் கறி தாளிக்கும்போதும், மகளுக்குத் தலைவாரி இழுத்துவிடும்போதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் சிரிப்புக் குறைந்துகொண்டே போனது. நான் கவனிக்கவில்லை... இல்லை, பொய்! கவனித்தேன்.

பிறகு அவளுடைய அண்ணன் இறந்துபோனார். வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரில் தனியாக இருந்தவர். வருகிறோம், வருகிறோம் என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் போகாமல் விட்ட வீடு அது. முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்துக்கு முதல்நாள் பவானி என்னிடம் வந்தாள். மேடைப் பக்கமே போகாதவள்.

"நாளைக்கு நானும் கதைக்கப்போறன். ஒரு வசனம்தான். அண்ணன் எழும்பித் திறக்கேலாமல் போன பிறகுதான் எல்லாரும் அவரின்ரை கதவைத் தட்டினம்... சரியோ?"

"ஓம், நல்லாயிருக்கு" என்றேன்.

நல்லாயிருந்தது. அதுதான் வினை!

மறுநாள் தொடக்க உரை என்னுடையது. நிறைந்த சபை. என் வாய் பழகிய தடத்தில் போயிற்று: "ஒருவன் எழுந்து திறக்க முடியாமல் போன பிறகே ஊர் அவன் கதவைத் தட்டுகிறது என்றார் அந்த ஐரிஷ் மேதை."

சபை விம்மியது. வாய் தவறிவிட்டது என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். தவறவில்லை... முன்வரிசையில் இருந்த அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

பிறகு அவளுடைய பெயரையும் நானே அறிவித்தேன். வந்தாள். ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"நான் சொல்ல வந்ததை அந்த வெள்ளைக்காரர் சொல்லிப்போட்டார்" என்றாள். தன் இடத்தில் போய் இருந்துவிட்டாள்.

சனம் தலையாட்டியது. "தங்கச்சிக்குத் துக்கத்திலையும் என்ன அடக்கம்!" என்று ஒருவர் என் காதில் சொன்னார்.

கூடப் பிறந்தவனுக்குக் கொடுக்க அவளிடம் இருந்தது அந்த ஒரு வசனம். அதையும் பிடுங்கி ஓர் ஐரிஷ் பிரேதத்தின் சட்டைப்பையில் போட்டவன் நான்.

அதன் பிறகு வீட்டில் "ஓம்", "இல்லை", "சாப்பாடு மேசையிலை." அவ்வளவுதான். சொற்களை அவள் பூட்டி வைத்துவிட்டாள்... திருடன் இருக்கும் வீட்டில் வேறு என்ன செய்வாள்?

ஒருநாள் பொறுக்க முடியாமல், "சபையிலை உண்மையைச் சொல்லிப்போடுறன், பவானி" என்றேன்.

சட்டி கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

"சொல்லுங்கோ. உண்மையும் அந்த மனிசன் சொன்னதெண்டால்தான் உங்கடை சனம் நம்பும்."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முழு வசனம் அது. நான் வெட்கத்தில் அந்த இடத்திலேயே செத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா?

இதற்கு மண்டபமே அதிரும்... என்பதுதான்.