கும்பிட்ட கை

அன்று அந்த வளைவில் இருந்தவர்கள் நாலே பேர்: நான், என் மனைவி, அவளுடைய தம்பி, கொட்டகலையிலிருந்து கிரேன் பூட்டிய லொறியோடு வந்த சிங்கள டிரைவர். என் ஆட்டோ டயகம ரோட்டிலிருந்து மழையில் சறுக்கி, கீழே தேயிலைச் செடிகளுக்குள் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. எனக்கு அடி இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் சோறு வேகிறது அந்த வண்டியை நம்பித்தான். நொறுங்காமல் மேலே வந்தால்தான் உண்டு.

டிரைவர் அவசரப்படவில்லை. லொறியின் இரண்டு பக்கமும் இரும்புக் கால்களை இறக்கி, அடியில் பலகை வைத்து, உதைத்துப் பார்த்தார். ஒரு கால் ஈர மண்ணில் புதைவது தெரிந்ததும் தூக்கி, இன்னொரு பலகை போட்டார். நானும் அப்படித்தான், வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். அவர் ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிடுகிறார். எனக்கு அது வராது.

ஆட்டோவுக்கு பெல்ட் மாட்டியாயிற்று. அவர் நிற்கிற இடத்திலிருந்து பள்ளம் தெரியாது என்பதால், என்னைச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு விளிம்பில் நிறுத்தினார்.

"மல்லி, சத்தம் வேணா. நான் கை மட்டும் பாக்கிறது. ஒரு விரல் மேல காட்டினா தூக்கிறது. ரெண்டு கை சேத்தா நிப்பாட்டுறது."

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். புதிதாக எதைச் சொன்னாலும் முதலில் தலையை ஆட்டிவிடுவேன்.

விரலைக் காட்டினேன். ஆட்டோ எழும்பி ஒரு சுற்றுச் சுற்றியது. என் கைகள் தாமாகச் சேர்ந்துவிட்டன. உடனே கிரேன் நின்றது. டிரைவர் ஆட்டோவை மெல்லத் திரும்ப இறக்கி வைத்துவிட்டு வந்து, பெல்ட்டைப் பார்த்தார், பலகைகளைப் பார்த்தார், திரும்பிப் போனார். மறுபடி எழும்பியது, மறுபடி ஆடியது, மறுபடி என் கை. மறுபடியும் வந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

மூன்றாம் முறையும் அவர் வந்து பார்த்தபோது என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. "என்னங்க, நீங்க நிப்பாட்டச் சொல்றீங்கன்னு அவரு நெனைக்கிறாரு."

"நான் எங்க சொன்னேன்? சாமியத்தானே கும்பிட்டேன்."

"மச்சான், ஒங்க சாமிக்கு மணிக்கணக்குல வாடகை ஓடுது" என்றான் அவள் தம்பி.

அவள் விரித்த குடையை என் கையில் திணித்தாள். "இதப் பிடிங்க. ஒத்தக் கையில கும்பிட முடியாது."

ஆட்டோ மேலே வந்தது. கூரை கிழிந்திருந்தது, கண்ணாடி இல்லை. ஸ்டார்ட் ஆனது.

என் பயத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு. அதை நம்பி மூன்று தடவை வந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதனால் வேலை இரண்டாவது மணித்தியாலத்துக்குள் போய்விட்டது. லொறி அவருடையதில்லை, முதலாளி வாடகையைக் குறைக்கவில்லை. முதல் மணித்தியாலத்துக்கு அன்றே கொடுத்தேன். இரண்டாவதுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வருகிறேன். இன்னும் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.